சினைப்பைக் கட்டியும் ஊர் வாயும்

1809-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து டான்வில் என்னும் ஊரில், மருத்துவர் இஃப்ராயிம் மக்டவல், ஜேன் கிராஃபோர்டு என்ற பெண்மணியின் வயிற்றைத் திறந்து, ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள சினைப்பைக் கட்டியை அகற்றினார். மயக்க மருந்து அறியப்படாத காலம். 60 மைல் குதிரைமீது வந்த அவ்வம்மையார், சங்கீதங்களைப் பாடியவாறே வலியைத் தாங்கினார் என்பர். அதன்பின் 32 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இன்று நம் குடும்பங்களில் கத்தியைவிட ஊர் வாய்க்கே அச்சம் மிகுதி. மணப்பருவத்துப் பெண்ணுக்குக் கட்டி என்றால், வரன் அமையாதென்று ஸ்கேன் தாளைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் பெற்றோர் உளர். கருப்பை வேறு, சினைப்பை வேறு, சினைப்பைகளோ இரண்டு. இதைப் பேசுகிறவர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது?

எல்லாக் கட்டியும் அறுவைக்குரியதன்று. மாதவிடாய்ச் சுழற்சியில் தோன்றும் சாதாரண நீர்க்கட்டிகளுட் பெரும்பாலானவை இரண்டு மூன்று மாதங்களில் தாமே மறையும். மறையாது வளர்பவற்றையே எடுக்க வேண்டும். 'டெர்மாய்டு' என்னும் கட்டிக்குள் முடியும், சிலபோது பல்லும் இருக்கும். அதைக் கேட்டுச் செய்வினை என்று மந்திரவாதியைத் தேடி ஓடாதீர்கள். சினைப்பையிலுள்ள கருவணுக்களினின்று எழும் வளர்ச்சியே அது.

மயக்க மருந்து தந்தபின், தொப்புளருகே சிறு துளையிட்டு, கரியமில வாயுவால் வயிற்றை உப்பச் செய்து, ஒளிக்குழாயைச் செலுத்துகின்றனர். திரையில் பார்த்தவாறே, வேறு இரண்டு மூன்று துளைகள் வழியாகக் கட்டியின் உறையை மட்டும் உரித்தெடுக்கின்றனர். சினைப்பை தன் இடத்திலேயே நிற்கும். பலர் ஓரிரு நாளில் இல்லம் திரும்புகின்றனர். எஞ்சிய வாயுவால் தோள்பட்டை சிறிது வலிக்கலாம். ஜெர்மனியின் கீல் நகரில் கூர்ட் செம் இத்தகைய சிகிச்சையை வளர்த்தபோது உடன்மருத்துவர்களே எள்ளினர்! எனினும், புற்றுநோயோ என்ற ஐயம் எழுந்து மருத்துவர் பெரிய கீறலே வேண்டுமென்றால், வாதிட வேண்டாம்.

ஒரு சினைப்பையையே எடுக்க நேர்ந்தால் அது கருத்தடைப் பாவமாகுமோ எனச் சில தாய்மார் வினவுகின்றனர். ஆகாது. முழு உடலின் நலனுக்காக நோயுற்ற உறுப்பை அகற்றலாம் என்பதைத் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1953-இல் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில் விளக்கியுள்ளார். எஞ்சிய சினைப்பையைக் கொண்டே தாயானவர் பலர்.

பூட்டிவைத்த தாளுக்கு ஒருநாள் கணக்குக் கேட்கப்படலாம். கனத்த கட்டி சினைப்பையோடு முறுக்கிக்கொண்டால், அடிவயிற்றில் திடீரெனக் கடும் வலியும் வாந்தியும் உண்டாகும். இரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சினைப்பை அழியக்கூடும். அந்நேரம் சூட்டுவலியென்று கஷாயம் காய்ச்சிக்கொண்டிராமல், நள்ளிரவாயினும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். உரிய நேரத்தில் முறுக்கைப் பிரித்துவிட்டால், அச்சினைப்பை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.