பின்வாசலை எங்கே புதைத்தீர்கள்?

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பழைய ஓட்டுவீடு இடிபட்டால் போதும், ஊர்ப் பெரியமனிதர்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். திண்ணை போச்சு, தேக்குத் தூண் போச்சு, தாத்தா கட்டிய வீடு போச்சு. அழட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் தோழர்களே, அந்த வீட்டுக்கு இரண்டு வாசல் இருந்ததே. பின்வாசலைப் பற்றி ஏன் ஒருத்தரும் மூச்சு விடுவதில்லை?

என் அம்மாயிக்கு இந்த நகரத்தின் முன்வாசல் எதுவும் தெரியாது. எடுப்புக் கக்கூஸ் காலம். வாளியும் தகரமுமாகப் பின்சந்து வழியே போய் அள்ளிக்கொண்டு, அதே சந்து வழியே வருவாள். "அந்த ஊட்டுக்குள்ள எத்தன ரூமுன்னு எனக்குத் தெரியாது கண்ணு. கக்கூசுக்கு எத்தன படின்னு கேளு, சொல்றேன்" என்பாள். மலம் அள்ள வைப்பதைத் தடை செய்யும் சட்டம் 1993இல்தான் வந்தது. அது போதாதென்று 2013இல் இன்னொன்று போட வேண்டியிருந்தது. அந்தப் படிகள் எந்தப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன?

பிளேக் கோவையை உலுக்கிய பின்னால், காற்றோட்டமாக வாழவென்று திட்டமிட்டு எழுந்த பகுதி இது. நகராட்சித் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியார் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். சிறுவாணித் தண்ணீர் வந்ததில் அவர் பங்கை நாம் மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் கொண்டுவந்தவர் பெயர் ஊருக்கு ஆச்சு. கழிவைச் சுமந்து ஊரை உயிரோடு வைத்தவர்கள் பெயர் ஒரு சந்துக்காவது உண்டா?

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் முத்தண்ணன்குளம். அதன் கரையில் தலைமுறையாக இருந்தவர்களின் வீடுகளை 2020-21இல் இடித்தார்கள். குளத்தை அழகுபடுத்த வேண்டுமாம். சனங்களைக் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி என்று ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளில் கொண்டுபோய் அடைத்தார்கள். அங்கே போனது யாருடைய தாத்தா கட்டிய வீடு? அவர்களுடைய வீடு என்றால் பாரம்பரியம், நம்முடையது என்றால் ஆக்கிரமிப்பு!

மேட்டுப்பாளையம் நடூரை மறந்துவிட முடியுமா? 2019 டிசம்பர் 2 விடியற்காலை. பக்கத்து வளவுக்காரர் எழுப்பிய உயரமான சுவர் மழையில் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த நம் சனம் 17 பேரைக் கொன்றது. தீண்டாமைச் சுவர் என்று மக்கள் சொன்னார்கள். சுவருக்குக் காவல் இருந்தது. சுவரடியில் கிடந்த வீட்டுக்குத்தான் நாதியில்லை.

"அப்போ பழைய வீட்டையெல்லாம் இடிக்கச் சொல்றீங்களா?" என்று கேட்பார்கள். இல்லீங்க. தாராளமாகக் காப்பாற்றுங்கள். பின்வாசலைச் செங்கல் வைத்து அடைக்காமல், அந்தச் சந்தோடு சேர்த்துக் காப்பாற்றுங்கள். யார் கட்டினார் என்று பலகை வைக்கிறபோது, யார் அள்ளினார் என்றும் எழுதுங்கள்.

நம் பையன்களே இன்னொன்று கேட்கிறார்கள்: "குடிசையைக் காப்பாத்தி வறுமையைக் கண்காட்சி வைக்கவா?" நியாயமான கேள்வி. என் அம்மாயியின் ஒற்றை அறை ஓட்டுவீடு இன்னும் நிற்கிறது. மழைக்கு ஒழுகுகிறது. வரி ரசீது இருக்கிறது, கரண்டு பில் இருக்கிறது, பட்டா மட்டும் இல்லை. அந்த ஓடு எனக்கு வேண்டாம். அதே மண்ணில் ஒழுகாத காரை வீடு வேண்டும், நம் பேரில் பட்டா வேண்டும். நமக்குப் பாதுகாப்பு என்பது கூரையைப் பற்றியதல்ல, நின்ற இடத்தில் நிற்கிற உரிமையைப் பற்றியது.

லண்டனில் அம்பேத்கர் 1921-22இல் தங்கிப் படித்த வீட்டை மகாராஷ்டிர அரசு 2015இல் வாங்கியது. அதை நினைவில்லமாக வைத்திருக்க அங்கேயும் அக்கம்பக்கத்து எதிர்ப்பைத் தாண்டி, 2020இல்தான் அனுமதி கிடைத்தது. அண்ணலின் வீட்டுக்கே அந்தப் பாடு என்றால் அம்மாயி வீட்டுக்கு யார் வருவார்?

நாம்தான் வரவேண்டும். மாணவத் தோழர்களே, இந்த விடுமுறைக்கு ஒரு நோட்டோடு உங்கள் சேரிக்குப் போங்கள். எந்த வீடு எப்போது கட்டியது, யார் மண் சுமந்தார், எத்தனை தடவை பிரித்தெறிந்தார்கள், கேட்டு எழுதுங்கள். ரேஷன் கார்டு, வரி ரசீது எல்லாவற்றையும் படியெடுத்து வையுங்கள். நாளைக்குப் புல்டோசர் வரும்போது பட்டா கேட்டு நாம் நிற்க, அந்த நோட்டு கையில் இருக்க வேண்டும்.