காப்பது யார்?

ஊரைக் காக்க ஐயனாரும் கருப்பனும் இருப்பதாகச் சொல்லுகின்றார்கள். ஆனால் அச்சாமிகளின் உண்டியலுக்கே பூட்டும் காவற்காரனும் வேண்டியிருக்கின்றது! ஆகவே காவல் என்பது மனிதன் கற்றுச் செய்ய வேண்டிய தொழிலே என்கின்றோம்.

2005ஆம் வருஷத்துத் தனியார் காவல் நிறுவனச் சட்டமும் இதையே ஒப்புகின்றது. லைசென்சு கம்பெனிக்கு, ஆளுக்கு வேண்டியவற்றில் 18 வயதும், நன்னடத்தையும், பயிற்சியும் அடங்கும். ஜாதியைக் கேட்கவில்லை. வகுப்பில் 100 மணி, களத்தில் 60 மணி பயிற்சி என்று 2006ஆம் வருஷத்து மாதிரி விதிகள் வகுத்தன. பயிற்சியளிப்பது கம்பெனியின் கடமை.

நடப்பதென்ன? காலையில் வேலை கேட்டு வந்தவனுக்கு மாலையிலேயே தொப்பி மாட்டி வாசலில் நிறுத்துகின்ற முதலாளிகள் இருக்கின்றார்கள். தீப்பிடித்தால் அவன் என் செய்வான்? பழியோ அவன் தலையில்!

தோழர்களே! தொப்பிக்கு முன் பயிற்சியைக் கேளுங்கள். அது தயவல்ல, உங்கள் உரிமை.