கோழிக்கூண்டும் ஆகாயவிமானமும்

போன வாரம் ராசிபுரம் கடைவீதியில் என் பழைய சகா ஒருவரைப் பார்த்தேன். மின்வாரியத்தில் என்னோடு வேலை பார்த்தவர், வயது 71. அடுத்த மாதம் மகளைப் பார்க்க டல்லாஸ் போகிறாராம். கழுத்தில் மாட்டிக்கொள்கிற தலையணை ஒன்றையும், பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையையும் எடுத்துக் காட்டினார்.

"ஏனுங்கண்ணா, இதுல ஒண்ணப் போட்டுக்கிட்டா அமெரிக்கா வந்தாத்தான் முழிப்பே வருமாமுங்க. பக்கத்து வீட்டுத் தம்பி கொடுத்துச்சு."

எனக்கு வந்த கோபம் அவர் மேல் இல்லை.

நான்கு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். சேலத்திலிருந்து காரில் பெங்களூர், நடுராத்திரி விமானம், இடையில் ஓர் ஊரில் இறங்கி மாறி ஏறினோம். இரண்டாவது விமானம் மட்டும் 15 மணி நேரத்துக்கு மேல். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, எல்லாம் ஒரே அச்சுதான். என் வீட்டுக்காரம்மா யாரோ கொடுத்த தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் மடங்கி உட்கார்ந்து, ஒன்பது மணி நேரம் அசையாமல் தூங்கினார். 'பரவாயில்லையே, மாத்திரை நன்றாக வேலை செய்கிறது' என்று நானும் சந்தோஷப்பட்டேன். இறங்கிய மூன்றாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கிக் கல்லாகிவிட்டது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறது என்றார்கள். அது நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் ஆளே போயிருப்பார். பேரனைத் தூக்கிக் கொஞ்சப் போனவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்.

நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் இப்படி ரத்தம் உறைகிற வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொல்லிவிட்டது. மொத்தத்தில் ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் வரும் என்பதும் அதே ஆய்வில் உண்டு. யாரையும் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் வயதானவர்களுக்கு ஆபத்து கூடுதல். அதோடு மாத்திரையும் சேர்ந்தால் மரத்துப்போன காலை நீட்டி மடக்கும் உணர்வே இருக்காது. பாதி மயக்கத்தில் கழிப்பறைக்குப் போய் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வதற்கும் வழி உண்டு.

விமானத்தில் தூக்கம் வரவில்லை என்றால் எல்லோரும் நம் மேலேயே பழியைப் போடுகிறார்கள். தலையணை வாங்கு, கண்பட்டை கட்டு, மாத்திரை போடு. அந்த நாற்காலியை ஏன் யாரும் குறை சொல்வதில்லை? அகலம் 17 அங்குலம் சொச்சம். முன் சீட்டுக்கும் நம் சீட்டுக்கும் இடைவெளி 31 அங்குலம். போயிங் 777 விமானம் 1995-ல் ஓடத் தொடங்கியபோது பல கம்பெனிகள் வரிசைக்கு 9 சீட் போட்டன. இன்று அதே விமானத்தில் 10 சீட் சாதாரணமாகிவிட்டது. விமானம் அகலமாகவில்லை, நாமும் ஒல்லியாகவில்லை. காற்றழுத்தமோ ஏறக்குறைய ஊட்டி உயரத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி, ஈரப்பதமும் கிடையாது. இந்த நிலையில் தூக்கம் வராதது உடம்பு சரியாக இருப்பதற்கு அடையாளம் என்பேன்.

நம் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு கோழிக்குக் கூண்டில் எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று கோர்ட் வரை போய்ச் சண்டை நடந்தது. 2017-ல் மத்திய சட்ட ஆணையம் கோழிகளுக்காகவே தனி அறிக்கை கொடுத்தது. கொடுக்கட்டும், வாயில்லா ஜீவன். மனுஷனுக்கு? பயணிகள் சீட்டுக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயிக்க வேண்டும் என்று 2018-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே போட்டது. ஒரு வருடத்தில் முடிக்க வேண்டிய வேலை. பயணிகள் சங்கம் கோர்ட்டுக்குப் போயும் பலனில்லை, 2023-ல் மனு தள்ளுபடியானதுதான் மிச்சம். இடையில் அதிகாரிகள் ஒரு சோதனை நடத்தினார்கள், நெருக்கமான சீட்டிலிருந்து அவசரத்துக்கு எத்தனை நொடியில் வெளியேற முடிகிறது என்று. அதில் உட்கார வைத்தவர்களில் 60 வயதைத் தாண்டியவர் ஒருவர்கூட இல்லை. முட்டிவலிக்காரர்கள் விமானத்தில் ஏறுவதே கிடையாது என்று நினைத்தார்கள் போலும்.

'குறைந்த டிக்கெட் கேட்டால் இப்படித்தான்' என்று என் மகனே சொல்வான். நியாயம் இல்லாமல் இல்லை. டிக்கெட் மலிந்ததால்தான் என்னைப் போன்ற பென்ஷன்காரன் கடல் தாண்டினேன். ஆனால் நம் ரயிலை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் வகுப்பில் வெறும் மரப்பலகையில் துண்டை விரித்துப் படுத்து மெட்ராஸ் போன காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். 1977-ல் ரயில்வே மந்திரியாக வந்த மது தண்டவதே, அந்தப் பலகை மேல் இரண்டு அங்குல மெத்தை போட வைத்தார். மலிவு டிக்கெட்காரனுக்கும் முதுகு உண்டு என்று ஒரு மந்திரிக்குத் தோன்றியது. இன்றுவரை நாம் அதில்தான் படுத்துப் போகிறோம். நம் லாரி பாடி பட்டறைகளில்கூட டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கால் நீட்ட ஒரு பலகை அடித்துத்தான் வண்டியை வெளியே விடுகிறார்கள்.

ஆகாயத்திலும் முடியாத காரியம் இல்லை. 787 விமானத்தில் பெரும்பாலான கம்பெனிகள் வரிசைக்கு 9 சீட் திணிக்க, ஜப்பான் ஏர்லைன்ஸ் வெளிநாட்டுப் பயணத்துக்கு 8 போட்டு ஓட்டிக்காட்டியது. ஏர் நியூசிலாந்து மலிவு வகுப்பிலேயே மூன்று சீட்டைச் சேர்த்துக் கட்டில் மாதிரி ஆக்கியது. அதற்குத் தனிக் காசு வாங்குகிறார்கள் என்பது வேறு விஷயம். பத்து மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் என்றால் இவ்வளவு அகலம், இவ்வளவு இடைவெளி கட்டாயம் என்று நம் விமானத் துறை ஒரு விதி போட்டால், இங்கே இறங்கி ஏறுகிற எல்லாக் கம்பெனியும் கேட்டுத்தான் ஆக வேண்டும். நம் தொகுதி எம்.பி.க்கு எழுதியிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள், மகனோ மகளோ வெளிநாட்டில் இல்லாத வீடு இந்தத் தெருவில் எத்தனை இருக்கிறது?

விதி வரும்வரை சகாவுக்கு நான் சொன்னது இதுதான்: நடைவழி ஓரச் சீட்டாகக் கேட்டு வாங்கு, மணிக்கொரு தரம் எழுந்து நட, தண்ணீர் குடி, காலுக்குப் போடும் இறுக்கமான உறை வேண்டுமா என்று டாக்டரைக் கேள். தூக்கத்தை மகள் வீட்டில் போய்த் தூங்கிக்கொள்.

மாத்திரை அட்டையைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். கழுத்துத் தலையணை எனக்கு வந்து சேர்ந்தது. திண்ணையில் சாய்ந்து பேப்பர் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.