காசு கொடுத்து வாங்குகிற மெடல் எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் எழுதினால் நீளும் என்பது உங்களுக்குப் புதிதல்ல. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வாருங்கள்.

இரண்டு மாதமாக நம் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் ஒரே மெடல் படம். 'விர்ச்சுவல் ரன்' என்கிறீர்கள். சொந்தக்காரப் பிள்ளை ஒருவன் "பெரியம்மா, நீங்க நடந்தாலே போதும், மெடல் வீட்டுக்கே வரும்" என்று எனக்கும் லிங்க் அனுப்பிவிட்டான். அவனுக்குத் தனியாகச் சொல்வதை எல்லோருக்குமாகச் சொல்கிறேன்: ஓடுங்கள், நடங்கள், ரொம்ப நல்லது. அந்த மெடலுக்குக் காசு கட்டாதீர்கள்.

தெரியாதவர்களுக்காக: இணையத்தில் பெயர் பதிந்து சில நூறு ரூபாய் கட்ட வேண்டும். 5 கிலோமீட்டரோ 10 கிலோமீட்டரோ, அவரவர் ஊரில், அவரவர் தெருவில் ஓடலாம். போன் செயலி காட்டும் தூரத்தைப் படம் பிடித்து அனுப்பினால் கூரியரில் மெடல் வரும்.

இது பிறந்த நேரத்தைக் குறை சொல்ல மாட்டேன். 2020-ல் கொரோனா எல்லோரையும் வீட்டுக்குள் அடைத்தது. 1897-ல் தொடங்கிய பாஸ்டன் மாரத்தானே அந்த வருடம் அவரவர் இடத்தில் ஓடும் ஓட்டமானது. நம் நாட்டில் 'ஃபிட் இந்தியா ஃப்ரீடம் ரன்' ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 2 வரை அப்படித்தான் நடந்தது. கட்டணம் இல்லை, சான்றிதழ் மட்டும். கலைஞர் நினைவு மாரத்தானும் 2020, 2021-ல் மெய்நிகர் ஓட்டம்தான். 2022-ல் அது சென்னைச் சாலைக்கு வந்தது. 2023-ல் 70,000 பேருக்கு மேல் ஓடினார்கள். கதவு சாத்தியிருந்தபோது ஜன்னல் வழியாகப் பேசினோம், சரி. கதவு திறந்த பிறகும் ஏன் ஜன்னலிலேயே நிற்கிறீர்கள்?

போட்டி என்றால் பக்கத்தில் ஒரு ஆள் ஓட வேண்டும். குறுவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போன காலம் நினைவிருக்கிறதா? சுண்ணாம்புக் கோடு, பி.டி. சார் விசில், பாதிப் பேருக்குக் காலில் செருப்புகூட இல்லை. 1500 மீட்டரில் கடைசிச் சுற்றில் வேறு பள்ளிப் பையன் முந்தும்போது நம் பிள்ளைக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வரும். தோற்றவனுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. ஜெயித்தவனுக்குக் கிடைத்தது ஒரு எவர்சில்வர் டம்ளர். அதற்கு இருந்த மதிப்பு, பணம் கட்டிய எல்லோருக்கும் வரும் மெடலுக்கு எப்படி வரும்? போனைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் மெதுவாகப் போனாலும் செயலி தூரத்தை எண்ணும். நீங்கள் ஏமாற்ற மாட்டீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் ஏமாற்றினவனுக்கும் உங்களுக்கும் ஒரே மெடல்தானே?

"மெடல் வந்தால் ஊக்கம் வரும்" என்கிறீர்கள். ஆசிரியர் பயிற்சியில் உளவியல் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி பழசு. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் "வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவதுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தால், பேரம் பேசி வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைப்போல் ஏறத்தாழப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. ஆக, பரிசு கெட்டதல்ல. பரிசுக்காகத்தான் செய்கிறேன் என்று மனசு பழகுவதுதான் கெட்டது. மெடல் நின்றால் ஓட்டமும் நிற்கும்.

இதற்கு ஒரு நல்ல பதிலும் வந்தது. சென்னையில் அடுக்குமாடியில் இரண்டு குழந்தைகளோடு இருக்கும் என் மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், விடிகாலை 4 மணிக்கு வீட்டை விட்டுட்டு மாரத்தானுக்கு என்னால போக முடியுமா? அந்தத் தேதி இல்லேன்னா நான் ஷூவே போட்டிருக்க மாட்டேன்." நியாயமான பேச்சு. ஆசையே இல்லாதவரை முதல் அடி வைக்க வைப்பதற்குப் பரிசு உதவும், மறுக்கவில்லை. முதல் மெடலை வாங்கிக்கொள் பாப்பா. ஆனால் உன்னைக் கிளப்பியது எது என்று யோசித்துப் பார். ஒரு தேதி, நாலு பேரிடம் சொல்லிவிட்டோமே என்ற கூச்சம். இரண்டும் இலவசம்.

நம் ஊரையே பாருங்கள். மாட்டுப் பொங்கலுக்குக் காஞ்சி வரதர் வாலாஜாபாத் வழியாகப் பழையசீவரம் மலைக்குப் பார்வேட்டைக்கு வருகிறார். கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். கூடவே நடந்து வருகிறவர்களில் எத்தனையோ பேர் என் வயதைத் தாண்டியவர்கள். யாரும் செயலியைப் பார்ப்பதில்லை. தேதி இருக்கிறது, பக்கத்தில் ஆள் இருக்கிறது, வழியெல்லாம் எதிர்பார்த்து நிற்கும் ஜனம் இருக்கிறது. கால் தானாக நடக்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். மாதம் ஒரு ஓட்டம், ஒன்றுக்கு 500 ரூபாய் என்றால் வருடத்துக்கு 6,000 ரூபாய். இருபது பேர் சேர்ந்தால் 1,20,000. அலமாரியில் 240 மெடல். அதே பணத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு ஓடுவதற்கு ஷூ வாங்கலாம் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். வெறுங்காலோடு ஓடும் பிள்ளை இன்றும் இருக்கிறது.

அதனால் நான் சொல்வது இதுதான். மாதத்தின் முதல் ஞாயிறு காலை நம் குழுவுக்கு ஓட்ட நாள். துபாயில் இருப்பவர் துபாயில், ஊரில் இருப்பவர் பாலாற்றங்கரையில். ஓடினவர் "முடிச்சாச்சு" என்று குரல் பதிவு போடட்டும். மெடலுக்குக் கட்டும் பணம் பொது நிதிக்கு. கணக்கை மாதாமாதம் குழுவிலேயே போடலாம். வருடத்துக்கு ஒரு முறை எல்லோரும் நேரில் ஓடுவோம். ஜெயித்தவருக்கு எவர்சில்வர் டம்ளர், என் செலவு.

40 தாண்டியவர்கள் முதலில் பி.பி., சுகர் பார்த்துக்கொள்ளுங்கள். மாத இலக்கை முடிக்க வேண்டும் என்று வெயிலில் முட்டியைத் தேய்க்காதீர்கள். வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடந்தாலே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வருகிறவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். மறுப்பவர்கள் காரணம் எழுதுங்கள். 'லைக்' மட்டும் போட்டுவிட்டு நழுவுகிறவர்களை ஆப்சென்ட் என்று குறித்துக்கொள்வேன்.

உங்கள் டீச்சர்,
பழையசீவரம்