மீனுக்கு முன்னே நீர்

பிள்ளையின் புதுநன்மைக்குப் பரிசாக மீன்தொட்டி வாங்கும் பெற்றோர் பலர், அன்றே மீன்களையும் வாங்கி விட்டுவிடுகின்றனர். சில நாட்களில் மீன்கள் மடிகின்றன, பிள்ளை அழுகிறது. நீரோ பளிங்குபோல் தெளிந்தே இருக்கிறது! மீன்களின் கழிவிலிருந்து எழும் அம்மோனியா என்னும் நஞ்சு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதனை நைட்ரைட்டாகவும், பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் பெருகுவதற்கு ஏறக்குறைய 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.

ஆகவே, கொளத்தூர்ச் சந்தைக்கே சென்றாலும் முதல்நாள் தொட்டியோடு திரும்புங்கள். 40 லிட்டர் கொள்ளளவு நன்று. குழாய்நீரை ஒருநாள் திறந்து வைத்துக் குளோரின் அகன்றபின் ஊற்றி, வடிகட்டியை ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவு மட்டும் இட்டு வாருங்கள். அதிலிருந்தே நுண்ணுயிர்களுக்கு இரை கிடைக்கும். பிறகு கப்பி மீன்கள் மூன்று போதும். ஆண் மீன்களாகவே வாங்குங்கள், இல்லையேல் குஞ்சுகள் தொட்டியை நிறைத்துவிடும். உருண்டைக் கிண்ணத்தில் தங்கமீன் வளர்ப்பது கொடுமை என்றே சொல்வேன். அது சாண் நீளம் வளரக்கூடியது.

வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். பஞ்சை அவ்வாறு எடுத்த நீரிலேயே அலசுங்கள். குழாய்நீர் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று தீர்க்குமளவே உணவிடுங்கள். பாட்டியார் தனியே இடும் பங்கையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.