பெயர் சூட்ட அவசரம் ஏன்?

காங்கேயம் பக்கத்தில் கிணறு வெட்டிப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. அதில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். நிலவியல் பாடத்தை ஏன் எடுத்தாய் என்று கேட்பவர்களுக்கு ஒரு கல்லின் கதையைத்தான் சொல்வேன்.

நான் பள்ளியில் படித்தபோது, கிணற்று மண்ணில் கிடைத்த இளநீலக் கல் ஒன்றைத் தோட்டக்காரர் என் தந்தையாரிடமே கொடுத்துவிட்டார். ஊருக்கு வந்த தரகர் ஒருவர் அதை விளக்கொளியில் ஒரு முறை பார்த்தார். "வெறும் பளிங்கு" என்று சொல்லி, இருநூறு ரூபாயைக் கையில் திணித்து வாங்கிச் சென்றார். பழங்காலத்திலேயே பெரில் கல்லுக்குப் பேர்போன படியூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்தக் கல் பளிங்கா, பெரிலா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

கல்லைக் கண்டவுடன் பெயர் சொல்பவரை நாம் வல்லுநர் என்கிறோம். "சோதித்துச் சொல்கிறேன்" என்பவரே வல்லுநர் என்பது என் கருத்து. பொழுதுபோக்காகக் கல்லைப் பட்டை தீட்டும் நண்பர்களும் நிறத்தைப் பார்த்தே ஏமாறுகின்றனர். குருந்தக்கல்லில் சிறிது குரோமியம் கலந்தால் சிவப்பு மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலக்கல். கல் ஒன்றே, நிறம்தான் வேறு. அப்படியிருக்க நிறத்தை எப்படி நம்புவது?

தராசை நம்பலாம். கல்லை முதலில் காற்றில் நிறுக்க வேண்டும். பிறகு நூலில் கட்டி, நீரில் மூழ்கத் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். காற்றில் 8 கிராம், நீரில் 6 கிராம் என்றால் குறைவு 2 கிராம். 8-ஐ 2-ஆல் வகுத்தால் ஒப்படர்த்தி 4. பளிங்குக்கு இது 2.65 தான். கல்லுக்குக் கீறல்கூட விழாத சோதனை இது. ஆனால் இது மட்டும் போதாது. மாணிக்கம், கார்னெட் இரண்டுமே 4-ஐ ஒட்டி வரும். அங்கே கடினத்தன்மை கைகொடுக்கும். 1812-இல் மோஸ் வகுத்த அளவில் மாணிக்கம் 9. கார்னெட் ஏழோ, ஏழரையோ. கீறிப் பார்ப்பதானால் கண்ணுக்குத் தெரியாத மூலையில் கீறுங்கள். பிறர் கல்லென்றால் கேட்டுவிட்டுக் கீறுங்கள்!

நானும் தவறியிருக்கிறேன். ஊதாநிறக் கல் ஒன்றைச் செவ்வந்திக்கல் என்று அடித்துச் சொன்னேன். எங்கள் ஆசிரியர் ஒன்றும் பேசாமல் அதை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். ஒரு பக்கம் ஊதா, மறுபக்கம் வெளிர்மஞ்சள். அது அயோலைட். எடையைப் பார்த்திருந்தாலும் தப்பியிருக்க மாட்டேன். இரண்டின் ஒப்படர்த்தியும் ஏறக்குறைய ஒன்றே.

தீட்டுபவருக்குப் பெயரைவிடக் குணமே முதலில் தேவை. நிலாக்கல் இரு திசைகளில் எளிதில் பிளக்கும். அழுத்தித் தீட்டினால் துண்டாகிவிடும். பளிங்குத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். நீர் ஊற்றாமல் தீட்டவே கூடாது.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது, கல் கிடைத்த இடத்தை எவரும் எழுதி வைக்காததுதான். எந்த ஊர், எத்தனை அடி ஆழம், உடன் கிடந்த பாறை எது என்பவை தெரிந்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். எங்கள் துறை அலமாரியிலேயே சீட்டு உதிர்ந்துபோன கற்கள் பல, பெயரும் ஊரும் இன்றிக் கிடக்கின்றன.

மாதத்தில் ஒரு நாள் பிற்பகலில் ஆய்வுக்கூடத்தைச் சுற்றுவட்டார மக்களுக்குத் திறந்துவிட்டால் என்ன? தராசு இருக்கிறது, மாணவர்கள் இருக்கிறோம். விலை சொல்வது நம் வேலையன்று. பளிங்கா, பெரிலா என்று சொன்னால் போதும். தரகரிடம் பேரம் பேச அவர்களுக்கு வாய் இருக்கிறது.

பெரில் படிகத்தின் முனை பெரும்பாலும் தட்டை, பளிங்கின் முனை கூர்மை என்று படித்த அன்றே வீட்டுக்கு ஓடி, அந்தக் கல்லின் முனை எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஒடஞ்ச துண்டு கண்ணு, முனையெங்க இருந்துச்சு?" என்றார் தந்தையார். இப்போதெல்லாம் மண்ணில் ஏதேனும் மின்னினால் துணியில் முடிந்து கொண்டுவந்து, ஊரையும் ஆழத்தையும் சொல்லி என்னை எழுதச் சொல்கிறார். இதுவரை ஏழு முடிச்சுகள். அவற்றில் ஐந்து வெங்கச்சாங்கல். மற்ற இரண்டும் தராசுக்குக் காத்திருக்கின்றன.