விழாவைத் தேடும் முன்

விடுமுறை நாளில் குடும்பத்தோடு எங்குச் செல்லலாம் என அறிய, இண்டூர் இளைஞர் இன்று கைப்பேசியில் தருமபுரி மாவட்ட இணையதளத்தைத் திறப்பதைக் காண்கிறோம். நன்றே. ஒகேனக்கல், தீர்த்தமலை பற்றிய விவரங்கள் அங்கே தமிழிலேயே கிடைக்கின்றன.

ஆயினும் இடம் மாறாது. இன்று அங்குச் செல்லலாமா என்பது நாள்தோறும் மாறும். ஆடிப்பெருக்கையே எடுத்துக்கொள்வோம். விழா நாள் முன்னரே தெரியும். ஆனால் அதே பருவத்தில்தான் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பி, உபரிநீர் காவிரியில் பாய்கிறது. 2024 ஜூலை இறுதியில் வெள்ளம் பெருகியபோது, ஒகேனக்கல்லில் குளிக்கவும் பரிசல் செலுத்தவும் தடை இருந்தது. பழைய அறிவிப்பை நம்பிப் பிள்ளைகளுடன் சென்றால் ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் வீண். தடையை மீறி ஆற்றில் இறங்குவோர்க்கோ உயிருக்கே இடர்.

எனவே அறிவிப்பில் உள்ள தேதியை முதலில் நோக்குவோம். பழைய குறிப்புகள் சிலவற்றில் ஒசூர்கூடத் தருமபுரி மாவட்டத்தில்தான் இருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004-இல் அன்றோ! பேருந்து ஏறுமுன், ஒகேனக்கல்லில் தெரிந்தவர் இருப்பின் நீர்வரத்தைத் தொலைபேசியில் கேட்டறிவது இன்னும் நலம்.

நம் தெரு நிகழ்ச்சிகளை அத்தளத்தில் தேட வேண்டியதில்லை. அவற்றிற்குத் தேநீர்க் கடைச் சுவரொட்டியே இன்றும் போதுமானது.